எதுல வந்தீங்க?

எங்கள் வீட்டில் கார் இல்லை என்பதை எங்களைவிட மற்றவர்கள்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது ஞாபகம் வருவதே யார் வீட்டுக்காவது போகும்போதுதான். கதவு திறந்ததும் "வாங்க, வாங்க" என்பார்கள். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

"எதுல வந்தீங்க?"

"பஸ்லதான்" என்பார் அப்பா.

"ஓ" என்பார்கள். அந்த "ஓ"வைத் தொடர்ந்து உள்ளேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் வரும். காரில் வந்தவர்களுக்கு நேரே காப்பி. எங்களுக்கு மட்டும் முதலில் தண்ணீர். பாலைவனத்தைத் தாண்டி வந்தவர்களைப் பார்ப்பதுபோல, நாங்கள் குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பார்கள்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கார் வாங்க வசதி கிடையாது. வசதி இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார். யாராவது கேட்டால், "எனக்கு எதுக்குங்க கார்? கவர்மெண்டே எனக்கு டிரைவர் ஒருத்தர், கண்டக்டர் ஒருத்தர்னு ரெண்டு ஆள் போட்டிருக்கே" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் முன்னைவிட அதிகமாகப் பரிதாபப்படுவார்கள்.

பஸ் விஷயத்தில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தத் தெருவில் திரும்பும்போது எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் சீட்டில் உட்காருவார். டிக்கெட்டை நாலாக மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகிக்கொள்வார். கிளம்பிவிட்ட பஸ்ஸைக்கூட விடமாட்டார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிடுவார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பது என்பது அவர் அகராதியில் சோம்பேறித்தனம்.

ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே யார் வீட்டுக்கும் எங்களைக் கூட்டிப்போக மாட்டார். போக வேண்டிய வீட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே ஏதாவது ஒரு மரத்தடியில் நிறுத்துவார். அங்கே நாங்கள் எல்லோரும் ஆற வேண்டும். அப்பா இரண்டு கைக்குட்டை கொண்டுவருவார். ஒன்று வேர்வை துடைக்க. இன்னொன்று சட்டைப் பையில் மடிப்புக் கலையாமல் எட்டிப் பார்க்க. அம்மா கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுப்பாள். அக்கா முன்முடியைச் சரிசெய்துகொள்வாள். என் முழங்காலில் படிந்த ஊர்த்தூசியை யாராவது எச்சில் தொட்டுத் துடைப்பார்கள். சென்னை முழுவதும் எங்களுக்கு இப்படி மரங்கள் இருந்தன. தி. நகர் மாமா வீட்டுக்கு ஒரு வேப்பமரம். அபிராமபுரத்துக்கு ஒரு பூவரசு. பஸ்ஸில் வந்ததை மறைக்கவா என்றால், இல்லை; கேட்டால் பஸ் என்றுதான் சொல்வார். பஸ்ஸில் வந்தாலும் இப்படி வந்து நிற்கலாம் என்று காட்டுவதற்கு.

தி. நகர் மாமா என்றேனே, அவர் அம்மாவின் தம்பி. அவரிடம் ஒரு ஹெரால்டு கார் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அதில் ஏற்றிக்கொண்டு பாலவாக்கம் கடற்கரைக்குப் போனார். திருவான்மியூர் தாண்டும்போது, காலையில் சாப்பிட்ட பூரியை நான் கிழங்கோடு சேர்த்து அவருடைய பின்சீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தேன். பஸ்ஸில் எனக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. மாமா அன்றே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பஸ்லயே வளர்ந்த வயிறு அத்தான் இது. கார்னா எப்படி இருக்கணும்னு தெரியல."

அதற்கப்புறம் நான் ஏறினால் மாமா என் சீட்டில் மட்டும் பழைய பேப்பரை விரிப்பார். நானும் அதன்மேல் பொட்டலம் மாதிரி உட்கார்ந்திருப்பேன். எனக்கு வயது எட்டு. வெளியே சொல்லிக்கொள்ளும்படியாக என்னிடம் இருந்த ஒரே திறமை அதுதான்.

அக்கா என்னைவிட ரொம்பப் பெரியவள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு வந்த முதல் வரன் எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் நின்றுபோயிற்று. ஸ்டேட்டஸ் ஒத்துவரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஸ்டேட்டஸ் என்றால் கார் என்று மாமா விளக்கினார். அன்று சாயங்காலம் அப்பா கடிகாரப் பட்டையிலிருந்து டிக்கெட்டை எடுத்து, சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா அழவில்லை. "இன்னும் ஒரே ஒரு தரம் நிப்பேன். அதுவும் போச்சுன்னா அப்புறம் எனக்குப் பார்க்காதீங்க" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். டீச்சர் வேறு.

அந்த ஒரு தரம் நவராத்திரியில் வந்தது. மாமாதான் கொண்டுவந்தார். அடையாறு காந்தி நகரில் வீடு. பையன் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வீட்டில் அம்பாசிடர், அதற்கு ஒரு டிரைவர். பையனின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்ததால் அவர்களால் வர முடியாது. அதனால் நாங்கள் வர முடியுமா, கார் அனுப்புகிறோம் என்று கேட்டிருந்தார்கள்.

"பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுறதா? நல்லா இருக்குடா நீ சொல்றது" என்றாள் அம்மா.

"காட்டப் போறோம்னு யாரு சொன்னா? கொலு பார்க்கப் போறீங்க. ஊர்ல எல்லாரும் போறதுதானே?"

கொலு என்றதும் அம்மாவுக்குச் சமாதானமாகிவிட்டது. கொலுவுக்கு யார் வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வரலாம். அப்பாதான், "கார் எதுக்கு? வீட்டுப் பக்கத்துலயே பஸ் நிக்குதே" என்றார்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

அடுத்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஆனால் சின்னப் பையனைக் கூட்டிக்கொள்ளாமல் போனால் கொலுவுக்குப் போகிற மாதிரி இருக்காது, பெண்ணைக் காட்டப் போகிற மாதிரியே இருக்கும் என்று மாமா அடித்துச் சொல்லிவிட்டார். ஆக, இந்தக் கல்யாணம் நடக்க நான் கட்டாயம் வேண்டும். நடக்காமல் போவதற்கும் நான் ஒருவன் போதும். அந்த வயதில் இவ்வளவு முக்கியத்துவம் உடம்புக்கு நல்லதில்லை. அன்று மத்தியானம் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்துகொண்டே இருக்கச் சொன்னார்கள். மோந்து மோந்து, கார் வருவதற்கு முன்பே எலுமிச்சம்பழ வாசனையே எனக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. இதை யாரிடம் சொல்வது?

சாயங்காலம் டிரைவர் வந்து வாசலில் நின்றார். "வண்டி இந்தச் சந்துல வராது சார். முனையில நிறுத்திகீறேன். வாங்க போலாம்."

முனைவரைக்கும் ஊர்வலமாகப் போனோம். எதிர்வீட்டு அம்மா கோலத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "என்னங்க, காரெல்லாம்?"

"ஒண்ணும் இல்ல, கொலுவுக்கு" என்றாள் அம்மா, தினமும் காரில்தான் கொலு பார்க்கிற குரலில்.

அப்பா காருக்குப் பக்கத்தில் போய் நின்று மேற்கே பார்த்தார். பிறகு, "எந்தப் பக்கம் வெயில் அடிக்கும்?" என்று டிரைவரைக் கேட்டார்.

"எந்தப் பக்கம் குந்தினாலும் ஒரே வண்டிதான் சார்."

அப்பா முன்னால் உட்கார்ந்தார். பின்னால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் நான். யாரும் "ரைட்" சொல்லாமலே வண்டி கிளம்பியது எனக்கு என்னவோ போல் இருந்தது. தலை கலையக் கூடாது என்று அம்மா கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். ரெக்ஸின் வாசனை, பெட்ரோல் வாசனை, சாமி படத்துக்கு முன்னால் டிரைவர் கொளுத்தியிருந்த ஊதுவத்தி, இரண்டு தலை மல்லிகைப்பூ, என் கையில் எலுமிச்சம்பழம். மந்தைவெளி வரைக்கும் மூச்சை அடக்கிப் பார்த்தேன். கிரீன்வேஸ் ரோடு மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பாலத்தின்மேல் ஏறியபோது அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மெள்ளக் கிளம்பி மேல்நோக்கி வந்தது. அக்காவின் பட்டுப்புடவை என் தொடையோடு ஒட்டி வழவழவென்று இருந்தது. இன்னும் ஒரே ஒரு தரம் நிப்பேன் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கட்டியது.

அப்பா என்ன நினைத்தாரோ, திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்துப்பா."

"வூடு இன்னும் அடுத்த தெருவுல கீது சார்."

"பரவாயில்ல, இங்கயே நிறுத்து. இந்த மரத்தடியில கொஞ்சம் ஆறிட்டு வரோம்."

டிரைவர் திரும்பி எங்கள் நாலு பேரையும் பார்த்தார். "கார்ல வந்துட்டு இன்னா சார் ஆறது?"

"நீ முன்னால போப்பா. நாங்க பின்னாலயே வந்துடறோம்."

இத்தனை வருஷப் பழக்கத்தில் அப்பா வாயில் தானாக வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அல்லது நான் செய்யப்போகிற காரியத்தை அந்த வீட்டு ஆள் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். எப்படியோ நாங்கள் இறங்கினோம். "ஐயா வாசல்லதான் எறக்கச் சொல்லிச்சு" என்று முனகிக்கொண்டே டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கார் மூலை திரும்பும்வரைகூட நான் தாங்கவில்லை.

மத்தியானம் பட்டினி போட்ட வயிற்றில் எங்கேதான் ஒளித்துவைத்திருந்தேனோ. தூங்குமூஞ்சி மரத்தின் வேரில் குனிந்து நின்றேன். அக்கா பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் அவள் கொசுவத்தில் கொஞ்சம் தெறித்துவிட்டது. "போச்சு, எல்லாம் போச்சு" என்றாள் அம்மா, பவுடர் டப்பாவைத் திறக்காமலே கையில் பிடித்துக்கொண்டு. அப்பா வேர்வைக் கைக்குட்டையால் என் வாயைத் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த அந்த இன்னொரு கைக்குட்டையை எடுத்தார். அதை அவர் உதறிப் பிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். புடவையைத் துடைத்துக்கொள்ள அக்காவிடம் கொடுத்தார்.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து ஒருவர் வேகமாக நடந்து வந்தார். முழுக்கைச் சட்டை. மூச்சு வாங்கியது. அம்மா போட்டோவில் பார்த்திருந்ததால் அவரை அடையாளம் கண்டுகொண்டு, ஐயோ என்று ஒரு மாதிரி மரத்துக்குப் பின்னால் நகர்ந்தாள். அக்கா செருகியிருந்த புடவையை இறக்கிவிடக்கூட மறந்துபோய் நின்றாள்.

"வண்டி காலியா வந்து நின்னுது" என்றார் அவர். "அம்மா ரொம்பப் பயந்துட்டாங்க. எங்க மேல ஏதாவது கோவமான்னு..."

காலிக் காரைத் திருப்பி அனுப்பினால் அதற்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டு என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிவதற்கு நாங்கள் எப்போது காரில் போனோம்? அப்பா, "இல்ல தம்பி, நாங்க வழக்கமா... ஆறுறதுக்கு..." என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் நின்றார்.

அவர் அப்பாவை விட்டுவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பின்சீட்டா?"

தலையாட்டினேன்.

"நடுவுலயா?"

அதற்கும் ஆட்டினேன்.

"அதான். அங்க உக்காந்தா எனக்கும் இப்படித்தான் வரும். பாலம் தாண்டினியே, பெரிய விஷயம். நான் பாலத்துக்கு அந்தப் பக்கமே எறங்கிடுவேன்."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள்.

அவர்கள் வீட்டுக்கு நடந்தே போனோம். வாசலில் அந்த அம்பாசிடர் நின்றது. அதன் பக்கத்தில் காம்பவுண்டுச் சுவரில் ஒரு இடம் மட்டும் புதுப்பூச்சாக வெள்ளையாக இருந்தது. கட்டுப்போட்ட காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு பையனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். எதில் வந்தீங்க என்று அவளால் கேட்க முடியாது. அனுப்பியதே அவள்தான். அதனால், "ஏன் நடந்து வந்தீங்க?" என்று கேட்டாள். எங்கள் குடும்ப வரலாற்றில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"வண்டிதாம்மா சரியில்ல. பையனுக்குக் குமட்டிடுச்சு" என்றார் பையன்.

"வண்டி நல்லாத்தான் கீது" என்று வெளியே டிரைவர் குரல் கேட்டது.

கொலுவின் கீழே மணலைப் பரப்பி ஒரு பூங்கா வைத்திருந்தார்கள். மணலில் சாலை, சாலையில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி வயிற்றைப் பிரட்ட, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்தி என்று நினைத்து அந்த அம்மா கூடுதலாகச் சுண்டல் கொடுத்தாள்.

அக்கா ஒரு பாட்டுப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். அது முடிந்ததும் அந்த அம்மா கொஞ்ச நேரம் தன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லிடறேன். அப்புறம் தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாது."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். சுண்டல் நசுங்கியது.

"இவனுக்கு வண்டி ஓட்ட வராது. ஆள் வெச்சுக் கத்துக்கொடுத்தோம். நேரா சுவத்துல கொண்டுபோய் ஏத்தினான். அப்புறம் தொடவே மாட்டேங்கறான். கார் இருக்கற வீட்டுல பொறந்துட்டு வேலைக்குப் பஸ்ல போறான். முன்னாடி வந்தவங்க, இன்ஜினியர்ங்கறீங்க, ஒரு வண்டி ஓட்டத் தெரியாதா, வேற ஏதாவது கோளாறான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்களும் யோசிச்சுச் சொல்லுங்க."

பையன் தலையைக் குனிந்துகொண்டு தன் நகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் கொடுக்கும்போது நான் நிற்கிற மாதிரியே இருந்தது. அம்மாவின் முகத்தில் ஸ்டேட்டஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பா மெல்ல முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கிண்டிக்கு எந்த பஸ்ல போறீங்க தம்பி?"

அவர் நிமிர்ந்து சொன்னார்.

"அதுல காலையில இடது பக்கமா உக்காரணும். சைதாப்பேட்டை வரைக்கும் வெயிலே தெரியாது."

"சைதாப்பேட்டைல திரும்பினதும் அடிக்கும் சார்."

"அடிக்கும். அதுக்குள்ள நீங்க இறங்கற இடம் வந்துடுமே?"

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரையும் நிறுத்த யாராலும் முடியவில்லை. அம்மா அப்பாவின் முதுகில் கிள்ளிப் பார்த்தாள். அக்கா தட்டிலிருந்த வெற்றிலையை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது காரை எடுக்கச் சொன்னார்கள். "வேண்டாங்க, பையனுக்கு பஸ்தான் சௌகரியம்" என்றார் அப்பா, முதல்முறையாக என்னைப் பற்றிப் பெருமையாக. ஸ்டாப் வரைக்கும் கொண்டுவிட்டு வா என்று தங்கள் பையனை அனுப்பினார்கள். வழி முழுக்க அம்மா அப்பாவின் காதில், "கார் இருந்தும் ஓட்டத் தெரியாத மாப்பிள்ளைன்னு என் தம்பி சிரிப்பானே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா உம் உம் என்றார். பின்னால் அக்காவும் அவரும் நடந்து வந்தார்கள். நடுவில் நான், ஒரு பக்கத்துக்கு ஒரு கையாக. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஸ்டாப்பில் போய் நின்றதும் பஸ் வந்துவிட்டது. நெற்றியில் மயிலாப்பூர் என்று எழுதியிருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர்கூட இல்லை. ஜன்னல் சீட் எல்லாம் காலி. மழை வேறு வரும்போல் இருட்டிக்கொண்டிருந்தது. நான் படியை நோக்கி ஓடினேன். அப்பா வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் பஸ்ஸைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள், பஸ் வந்ததே தெரியாத மாதிரி.

"இது நம்ம பஸ் இல்ல" என்றார் அப்பா.

"மயிலாப்பூர்னு போட்டிருக்கேப்பா."

"சுத்திக்கிட்டுப் போகும்டா."

"கூட்டமா வேற இருக்கு" என்றாள் அம்மா, அந்தக் காலிப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே.

கண்டக்டர் படியில் தொங்கியபடி, "வரீங்களா இல்லியா?" என்றார். அப்பா அவசரமாகக் கையை ஆட்டி, போங்க என்றார். பஸ் போய்விட்டது.

எனக்குத் திக்கென்றது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற அப்பா, நின்ற பஸ்ஸை விட்டுவிட்டாரே. அரைமணி நேரம் காரில் போனதில் அவருக்கு பஸ்ஸெல்லாம் மறந்துவிட்டது என்றே முடிவுகட்டினேன். இனி நாளைக்கு ஆபீசுக்கு எப்படிப் போவார்? நாங்கள் யார் வீட்டுக்கும் எப்படிப் போவோம்? அடுத்த பஸ் வரும்வரை அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது மெதுவாகச் சோதித்துப் பார்த்தேன்.

"அப்பா, அடையாறுலேர்ந்து நம்ம வீட்டுக்கு எந்தெந்த பஸ் வரும்?"

அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, நுரைக்கு நடுவில், ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். நேற்று நாங்கள் விட்ட பஸ்ஸையும் சேர்த்துச் சொன்னார். அது சுற்றாமல் நேரே வரும் என்றும் சொன்னார்.

என் கவலை இன்னும் அதிகமாகிவிட்டது.